மனநிலை திருப்திகரம்

என் வீட்டுக்காரர் முப்பத்துமூன்று வருஷம் செக்ரட்டேரியட்டில் இருந்தவர். அவர் மேஜைக்கு வரும் கோப்பு அடுத்த மேஜைக்குப் போகும், இல்லையென்றால் முடித்துக் கட்டி அலமாரிக்குப் போகும். நடுவில் கிடந்து தூசி பிடிக்காது. இதை அவர் வாயால் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருக்கிறது. ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் அவருடைய வலது கட்டைவிரல் தானாக ஆடத் தொடங்கியது. டாக்டர் பார்க்கின்சன் என்று பெயர் சொல்லி, இது போகாது, கூடவே இருக்கும், மாத்திரையால் அடக்கி வைக்கலாம் என்றார். வெளியே வந்ததும், "அப்போ பெண்டிங்" என்றார் இவர். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம்.

அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. பார்க்கின்சன் என்றால் கை நடுங்கும் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நடுக்கம் அதில் கால் பங்குகூடக் கிடையாது. நிலைப்படிக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். தரையில் ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டுவதாக நினைத்துக் காலைத் தூக்கிவிடுவார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் எங்கள் வீட்டில் ஒவ்வொரு நிலைப்படிக்கு முன்னாலும் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறேன். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்; கோடாவது நேராக வரும். குரல் இறங்கிப்போய்விட்டது. முகத்தில் ஒன்றும் தெரிவதில்லை, கோபமா பசியா தூக்கமா என்று நான்தான் ஊகிக்க வேண்டும். சட்டைப் பித்தான் போட வராது. எழுதினால் வரியின் தொடக்கத்தில் எழுத்து அவல் அளவு இருக்கும், முடிவில் எறும்பு அளவு ஆகிவிடும்.

எங்கள் வலியசாலைத் தெரு மலையாள தேசத்தில் இருக்கும் தமிழ்த் தெரு, வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்பவை. கோயிலுக்குப் போக வேண்டுமானால் பத்து வாசலைக் கடக்க வேண்டும், பத்து வாசலிலும் யாராவது நின்று இப்போ எப்படி இருக்கு என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். இவர் கோயிலை நிறுத்தினார். பிறகு வாசலுக்கு வருவதை நிறுத்தினார். பேப்பர் படிப்பதை நிறுத்தினார். என்னோடு பேசுவது மட்டும் பாக்கி இருந்தது, அதுவும் "இவளே" என்று கூப்பிடுவதோடு நின்றுவிடும். தண்ணீரா, மாத்திரையா, எழுந்திருக்க வேண்டுமா என்று நானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை "இவளே" என்று ஒரு நாள் எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

நான் அலுத்துப் போயிருந்தேன். இப்போது எழுத முடிகிறது, அப்போது யாரிடமும் சொன்னதில்லை. பெங்களூரில் இருக்கும் மகள் போனில் அம்மா நீ எப்படி இருக்கே என்று கேட்டால், நன்னா இருக்கேன் என்று சொல்லி அவள் குழந்தையைப் பற்றிக் கேட்பேன். அலுப்பு என்றால் தூங்கினால் போகிற அலுப்பு அல்ல. காலையில் கண்ணைத் திறக்கும்போதே கூட எழுந்திருக்கும்.

நரம்பு டாக்டர் ஒரு நாள் இவருடைய முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், இந்த நோயில் மனசும் சேர்ந்து இறங்கும், அது இவருடைய பலவீனம் ஒன்றுமில்லை, நோயின் பங்குதான், இரண்டாம் மாடியில் ஆலோசகர் இருக்கிறார், வியாழக்கிழமைதோறும் கூட்டி வாருங்கள் என்றார். இவர் வரமாட்டேன் என்று மல்லுக்கு நிற்பார் என்று பயந்தேன். ஆனால் டாக்டர் அதைச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். எழுத்தில் வந்த உத்தரவை இவர் மீறியதே கிடையாது. அடுத்த வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே க்ரீம் கலர் சட்டையைப் போட்டுவிடச் சொல்லித் தயாராகிவிட்டார்.

ஆலோசகர் எங்கள் மகளைவிடச் சின்னப் பெண். இவரை அங்கிள் என்றும் என்னை ஆன்ட்டி என்றும் கூப்பிட்டாள். முதல் நாள் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, தினமும் நாலு விஷயம் எழுதிக்கொண்டு வர வேண்டும் என்றாள்: தேதி, அன்றைக்கு என்ன செய்தீர்கள், மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மார்க், மனதில் என்ன ஓடியது. அங்கிளுக்கு எழுதக் கஷ்டம் என்றால் அவர் சொல்லச் சொல்ல ஆன்ட்டி எழுதினாலும் போதும் என்றாள். பிறகு என்னை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அந்தக் கதவு சாத்தியிருந்த ஐம்பது நிமிஷத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல், அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்தேன். போனைக்கூட எடுக்கவில்லை. கீழே ஆட்டோக்கள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இவர் பேசுவது முணுமுணுப்பாகக் கேட்டது, ஒரு தடவை அந்தப் பெண் சிரித்தாள், கூடவே இவரும் சிரித்த மாதிரி இருந்தது. ஐம்பது நிமிஷம் யாரும் என்னை "இவளே" என்று கூப்பிடவில்லை. கதவு திறந்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, இதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

வெளியே வந்தவர் ஆட்டோவில் வழி முழுக்கப் பேசினார். தன்னுடைய பழைய ஆபீஸ் கதைகளை அந்தப் பெண் கேட்டாளாம். யாரும் நடுவில் எழுந்து போகாமல் அந்தக் கதைகளை முழுசாகக் கேட்டு வருஷக்கணக்காகிறது. நானே அடுப்படிக்கு ஓடிவிடுவேன். அன்றைக்கு மத்தியானம் இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த வியாழனுக்கு எத்தனை நாள் என்று ஞாயிற்றுக்கிழமையே கேட்டார்.

நோட்டுப் புத்தகம்தான் வினையாக வந்து முடிந்தது.

நாலு மணிக்குக் காப்பி குடித்து, மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் எழுத உட்காருவோம். அவர் சொல்லுவார், ஆலோசகர் மலையாளி, அவள் படிக்க வேண்டும் என்பதால் நான் மலையாளத்தில் எழுதுவேன். முதல் நாளே என்ன சொன்னார் தெரியுமா? "காலையில் ஓய்வெடுத்துக்கொள்ளப்பட்டது. மாலையில் சிறிது நடை மேற்கொள்ளப்பட்டது. மனநிலை திருப்திகரம்." நான் பேனாவை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். காலையில் அவர் எடுத்துக்கொண்ட ஓய்வு, குளிக்க மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தது. மாலை நடை என்பது கட்டிலிலிருந்து கூடத்து நாற்காலிக்கு. மனநிலைக்கு என்ன மார்க் என்று கேட்டேன். நாலு என்றார். நிஜமாகவா என்றேன். முதல் வாரம் நாலு போதும், போகப்போக அரை அரையாக ஏற்றணும் என்றார். ஒரேயடியாக ஏற்றினால் சந்தேகம் வருமாம். ஒரு விஷயம் கையில் எடுத்தால் அதில் படிப்படியாக முன்னேற்றம் காட்ட வேண்டும், அதுதான் முறை என்றார்.

அவர் அந்தப் பெண்ணை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. எழுத்து என்று வந்துவிட்டால் அவருக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது. எழுதினது நாளைக்கு யார் கைக்கும் போகும் என்பது அவருக்குள் ஊறிப்போன பயம். உள்ளே போய் வாய்விட்டுச் சொல்கிறாராக்கும் என்று நான் ஆறுதல்பட்டுக்கொண்டேன். அவரோ ஐம்பது நிமிஷமும் ஆபீஸ் கதை சொல்லிவிட்டு, சொந்தக் கதை எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

நான் ஏன் எழுதினேன் என்று கேட்கலாம். மாணவன் தப்பாகப் போட்ட கணக்கைச் சரி என்று டிக் அடித்துக் கொடுத்ததில்லை நான். ஆனால் இவரோடு வாதம் செய்வதைவிட எழுதிவிடுவது சுலபமாக இருந்தது. இன்னொன்றும் உண்டு. அந்த அரை மணி நேரம் மட்டும் அவர் முழு வாக்கியமாகப் பேசினார். பொய் வாக்கியம்தான், இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க நன்றாக இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

நாலு நாலரையாயிற்று, ஐந்தாயிற்று. தட்டில் வைத்த இட்லியைக் கை ஆடி மடியில் கொட்டிக்கொண்டு, துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்ட நாளுக்கு ஐந்தரை. எழுந்திருக்க முடியாமல் பாத்ரூமில் உட்கார்ந்திருந்து, நான் வந்து தூக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல், "போதும்டி" என்று முனகினாரே, அந்த நாளுக்கு ஆறு. எல்லாவற்றையும் என் அழகான கையெழுத்தில் எழுதி, தேதிக்குக் கீழே கோடு போட்டேன்.

இரண்டரை மாசம் கழித்து ஒரு வியாழக்கிழமை அந்தப் பெண் என்னையும் உள்ளே கூப்பிட்டாள். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினாள். முகமெல்லாம் சந்தோஷம். அங்கிளுக்கு நல்ல மாற்றம் இருக்கிறது, இப்படி ஒழுங்காக யாரும் எழுதிக்கொண்டு வருவதில்லை, வெளியே காத்திருப்பவர்கள் நிறைய, அதனால் இனி வாராவாரம் வர வேண்டாம், ஆறு மாசம் கழித்து ஒரு தடவை வந்தால் போதும் என்றாள். புத்தகத்தை எங்களிடமே திருப்பிக் கொடுத்தாள். இவர் எழுந்து நின்று, நடுங்குகிற கையால் அவள் கையைப் பிடித்து, உங்கள் சேவை மிகவும் மெச்சத்தக்கது என்று மலையாளத்தில் சொன்னார். நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. திறக்கவில்லை. இத்தனை நாள் எழுதினது நான், இப்போது அது பொய் என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன்.

ஆட்டோவில் ஏறியதும், "ஃபைல் க்ளோஸ் ஆயாச்சு" என்றார். கிழக்கே கோட்டை சிக்னல் வரைக்கும் பெருமையாக உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு பேசவில்லை. வீட்டு வாசலில் சாக்பீஸ் கோட்டைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டார், நான் இரண்டு தடவை தட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. மகளிடம் போனில் அவரே சொன்னார், சரியாயிடுத்து, வர வேண்டாம்னுட்டா என்று. அவள் அந்தப் பக்கம் அழுதாள், சந்தோஷத்தில். எனக்கு அந்த ஜன்னலடி நாற்காலி ஞாபகம் வந்தது. இனி அது இல்லை. அவருக்கும் ஒன்று இல்லாமல் போயிருக்கிறது என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை, என்னுடையதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை காலை க்ரீம் கலர் சட்டையை எடுக்கச் சொன்னார். கோயிலுக்குப் போக ஆசைப்படுகிறாராக்கும் என்று உச்சி குளிர்ந்து போய் எடுத்துப் போட்டுவிட்டேன். தலை வாரிவிடச் சொன்னார். கூடத்தில் வாசலைப் பார்த்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஒன்பதரை ஆயிற்று, பத்தரை ஆயிற்று. கிளம்பலாமா என்றால் வாசலையே பார்த்தார். எங்கே போகணும் என்றால் எங்கேயும் இல்லை என்றார். பன்னிரண்டு மணிக்கு, "போதும், கழட்டு" என்றார். நான் பித்தான்களைக் கழற்றினேன். கடைசிப் பித்தான் கழற்றும்போதுதான் எனக்கு அன்றைக்கு என்ன கிழமை என்று புரிந்தது.

போன் பண்ணி மறுபடியும் வருகிறோம் என்று சொல்லலாமே என்றேன். அதெப்படி என்றார். முடித்துக் கட்டினதைத் திறக்க வேண்டுமென்றால் புதிதாக ஒரு காரணம் வேண்டும், சும்மா போய் நிற்க முடியாது. அப்படியானால் காரணத்தைச் சொல்லுங்கள், எழுதுகிறேன் என்றேன். அன்று நாலு மணிக்கு மனு எழுத உட்கார்ந்தோம். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே மனு. முதல் வரைவில் மேற்படி சிகிச்சையின் பலன் கருதி என்று தொடங்கினார். இரண்டாவதில் முன்னேற்றத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் பொருட்டு. மூன்றாவது நாள் மூன்றாவது வரைவு. அதில் தாழ்மையுடன் என்ற வார்த்தை மட்டும் நாலு இடத்தில் வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பேனாவைத் தூக்கி எறிந்தேன், அது அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

"உங்களுக்கு உள்ளே என்ன பண்றதுன்னு ஒரே ஒரு வரி சொல்லுங்கோ. நம்மாத்துப் பேச்சுல சொல்லுங்கோ. அதை எழுதறேன்."

அவர் வாயைத் திறந்தார். தாடை ஆடியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். வெளியே பால்காரர் மணி அடித்துவிட்டுப் போனார், நான் எழுந்திருக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "எழுதற மாதிரி ஒண்ணும் இல்லை" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

அதற்கடுத்த வியாழக்கிழமையும் க்ரீம் சட்டை, நாற்காலி, பன்னிரண்டு மணி. அதற்குப் பிறகு மூன்று வேளைச் சாப்பாடு இரண்டு வேளையாயிற்று. "இவளே" என்று கூப்பிடுவதும் குறைந்துபோயிற்று. எத்தனையோ நாள் அது நிற்காதா என்று இருந்தவள் நான். நிற்கத் தொடங்கியபோது, கூப்பிட்டாரோ என்று நானே போய்ப் போய்ப் பார்த்தேன்.

புதன்கிழமை மத்தியானம் அவர் படுத்திருந்த நேரத்தில் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். கடைசிப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் தேதி போட்டு எழுதத் தொடங்கினேன். அவர் சொல்லாமல் நானாக எழுதுவது அதுதான் முதல் தடவை. மலையாளம் வரவில்லை, தமிழில்தான் வந்தது. பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். சட்டை போட்டு உட்கார்ந்திருப்பது, சாப்பிடாதது, பாத்ரூமில் சொன்ன வார்த்தை, கொட்டின இட்லி, நாலு ஐந்து ஆறு எல்லாம் இட்டுக்கட்டினது என்பது. பிறகு என்னைப் பற்றி ஒன்று எழுதினேன். அது இரண்டு வரி. எழுதியதும் கிழித்துவிடலாம் என்று பக்கத்தைப் பிடித்தேன், அதற்குள் அவர் புரண்டு படுத்தார், புத்தகத்தை மூடிவிட்டேன்.

மறுநாள் மூன்றாவது வியாழக்கிழமை. சட்டையைப் போட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன். எதிர் வீட்டு மாமாவைக் கூப்பிட்டுக் கொஞ்சம் கூட இருக்கச் சொல்லிவிட்டு, மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்கி வருகிறேன் என்று பொய் சொல்லி ஆட்டோ பிடித்தேன். அவர் போக ஆசைப்பட்டுச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு நான் மட்டும் போகிறேன். வழியெல்லாம் திருடப் போகிறவள் மாதிரி இருந்தது.

இரண்டாம் மாடியில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அந்தப் பெண் வெளியே வந்தபோது எழுந்து நின்று, பத்து நிமிஷம் என்றேன். என் முகத்தைப் பார்த்தோ என்னவோ உடனே உள்ளே கூப்பிட்டாள். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்தேன். அவளுக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்கத் தெரியாது. அதனால் நான் வரிவரியாகப் படித்து மலையாளத்தில் சொன்னேன். அவள் பேனாவைத் தொடவில்லை. மார்க் எல்லாம் பொய் என்ற இடத்தில் முகம் சிவந்துபோயிற்று. நான் அந்த நம்பர்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டேன், ஆன்ட்டி, அங்கிளைப் பார்த்திருக்க வேண்டும், தப்பு என்னுடையது என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவ்வளவு பேரை ஒருத்தி எப்படிப் பார்ப்பாள் என்று எனக்குத் தோன்றியது. எழுதிக் கொடுத்தது நான்.

படித்து முடித்துவிட்டதாகப் புத்தகத்தை மூடப் போனேன். அவள் பக்கத்தின் அடியில் விரலை வைத்தாள்.

"இது வாயிச்சில்லல்லோ, ஆன்ட்டி."

அந்த இரண்டு வரி. இதைப் படிக்கவில்லையே என்று கேட்கிறாள்; எழுத்து தெரியாதவளுக்கும் வரி எண்ணத் தெரியும். ஒன்றுமில்லை, அது வீட்டு விஷயம் என்றேன். அவள் விரலை எடுக்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை, காத்திருந்தாள். நான் படித்தேன். பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகள் முன்னால் ஒரு நாள்கூடக் கலங்கி நின்றதில்லை. அங்கே மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். அவள் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள். இப்படித் தோன்றாதவர்கள் இந்த நாற்காலியில் குறைவு என்றாள். அங்கிள் சாவைப் பற்றி ஏதாவது சொல்கிறாரா, மாத்திரைகள் யார் கையில் இருக்கின்றன என்று சுற்றி வளைக்காமல் கேட்டாள். மாத்திரை டப்பாவை நான் பூட்டி வைத்துக்கொள்ள வேண்டும், நரம்பு டாக்டரிடம் அவளே பேசுவாள், அடுத்த வியாழக்கிழமை முதல் மணி எங்களுக்கு. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னாள். இங்கே வந்ததையும் எழுதினதையும் அங்கிளுக்குத் தெரியாமல் வைக்கக் கூடாது. மறைத்தால் பழையபடி இன்னொரு பொய் நோட்டுதான் ஆகும்.

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டாகவில்லை. எதிர் வீட்டு மாமா விடைபெற்றுப் போனார். இவர் க்ரீம் சட்டையோடு நாற்காலியிலேயே இருந்தார். மாத்திரை கிடைத்ததா என்றார். மாத்திரை வாங்கப் போகவில்லை, அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன், நோட்டில் இருப்பது பொய் என்று சொல்லிவிட்டேன் என்றேன். நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம்.

அவருக்குக் கோபம் வந்தது. முகத்தில் வராது, கையில் வரும். இரண்டு கையும் நாற்காலிப் பிடியில் அடித்துக்கொண்டன. என்னைக் கேட்காமல் என் பேரில் என்ன எழுதினாய் என்றார், அந்தக் குரலுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு சத்தமாக. ஆறு வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகக் கோபப்பட்டுப் பார்த்ததில்லை. இத்தனை நாள் நான் சொன்னதைத்தானே எழுதினாய், இப்போது மட்டும் உனக்கென்ன வந்தது என்றார். எனக்கு அலுத்துவிட்டது, அதுதான் வந்தது என்றேன். பொய் எழுதி எழுதிக் கை வலிக்கிறது என்றேன். சொல்லும்போதே நானும் கத்திக்கொண்டிருந்தேன்.

என் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு, "படி" என்றார்.

நான் படித்தேன். சட்டையைப் படித்தேன், இட்லியைப் படித்தேன். பாத்ரூமில் "போதும்டி" என்று சொன்னதைப் படித்தபோது கண்ணை மூடிக்கொண்டார். நம்பர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அந்தந்த நாளில் என்ன நடந்தது என்று படித்தேன். எங்கேயும் மறுப்புச் சொல்லவில்லை. அடியில் இருந்த இரண்டு வரி வந்தது. தாண்டிவிடலாம், இவருக்கு அது தெரியவே போவதில்லை என்று நினைத்தேன். தாண்டினால் அடுத்த வியாழக்கிழமை அந்தப் பெண் முன்னால் இவர் பக்கத்தில் நான் எப்படி உட்காருவது என்றும் நினைத்தேன். படித்தேன்.

"மத்தியானம் அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள், நின்றுவிட்டால் தேவலை, இரண்டு பேருக்கும் விடுதலை என்று நினைத்தேன்."

கல்யாணமாகி முப்பத்தொன்பது வருஷத்தில் இதைவிடக் கொடுமையாக அவரிடம் நான் ஒன்றும் சொன்னதில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். போ என்று சொல்லுவார், மகளைக் கூப்பிடு என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். நாற்காலிப் பிடியில் அவர் கை ஆடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்னிக்கு?" என்றார்.

தேதி கேட்கிறார். நான் அழுதுகொண்டே சொன்னேன், செவ்வாய்க்கிழமை, மூணு மணி இருக்கும் என்று.

"அன்னிக்கு நான் தூங்கலை" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார். "நீ பக்கத்துல உக்காந்திருந்தது தெரியும். நானும் அதையேதான் வேண்டிண்டு படுத்துண்டிருந்தேன்."

ஆடுகிற கையை நான் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் அப்படியே இருந்தோம், சாப்பாட்டு நேரம் தாண்டிப் போயிற்று. அடுத்த வியாழக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே போனோம். முதலில் பேசினது அவர்.